பாக்கிக்காகத் துணியைப் பிடித்து வைக்கலாமா?

திருப்பூர்ப் பக்கம் இருபத்திரண்டு மெஷின்களோடு தையல் ஜாப் ஒர்க் யூனிட் நடத்தும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன். அவரும் அவருடைய கொழுந்தனாரும் பார்ட்னர்கள். ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிய ஒப்பந்தப் பத்திரம் இருக்கிறது; ஆனால் அதைப் பதிவு செய்யவில்லை. நிறுவனத்தின் பெயரில் 2021லேயே உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு, வாங்கியிருக்கிறார்கள். பிரைவேட் லிமிடெட் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றுக்கு நான்கு ஆண்டுகளாக டி-சர்ட் தைத்துக் கொடுக்கிறார்கள். துணியும் கட்டிங்கும் அவர்களுடையவை. தையலும் செக்கிங்கும் இவர்களுடையவை. கடந்த ஜூலை முதல் நவம்பர் வரை போட்ட பில்கள் 18,40,000 ரூபாய். வந்து சேர்ந்தது 4,20,000 மட்டுமே. மீதி 14,20,000 நிற்கிறது. எழுத்தில் எதுவும் இல்லை. அறுபது நாளில் பணம் என்று வாய்ப்பேச்சாகச் சொல்லியிருக்கிறார்கள்.

பல முறை கேட்ட பிறகு ஐந்து லட்ச ரூபாய்க்கு ஒரு செக் தந்திருக்கிறார்கள். சில நாள் கழித்து வங்கிக் கணக்கில் ஒரு லட்சம் வந்திருக்கிறது. கூடவே, "அக்கா, அந்தச் செக்குல ஒரு லட்சம் இப்ப போட்டுட்டேன், மீதிக்கு மாசக் கடைசில பார்த்துக்கலாம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. மாதம் முடிந்ததும் இவர் ஐந்து லட்சத்துக்கே செக்கைப் போட, போதிய பணமில்லை என்று பன்னிரண்டு நாளுக்கு முன் அது திரும்பிவிட்டது. கேட்டதற்குப் பதிலாக, ஆகஸ்டில் அனுப்பிய சரக்கில் தையல் குறை என்று 3,85,000 ரூபாய்க்கு ஒரு டெபிட் நோட், அதாவது பாக்கியில் அவ்வளவைக் கழித்துக்கொள்வதாகச் சொல்லும் தாள், வந்திருக்கிறது. இதற்கிடையே கொழுந்தனாரைத் தனியே அழைத்து, எட்டு லட்சத்தில் கணக்கை முடித்துக்கொள்ளலாம் என்றும் பேசுகிறார்களாம். இப்போது இவருடைய யூனிட்டில் அந்த நிறுவனத்தின் 6,400 பீஸ்கள் இருக்கின்றன. 4,100 தைத்து முடிந்தவை, மீதி கட்டிங் பண்டல்கள். "அவங்க துணி என் கையில இருக்கு, செக் கேஸும் இருக்கு. இந்த ரெண்டையும் வெச்சுத்தான் பணத்தை வாங்க முடியும். எக்ரிமெண்ட் இல்லாததால மத்த எதுவும் நிக்காதுன்னு எல்லாரும் சொல்றாங்க" என்று எழுதியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பலம் என்று நீங்கள் நம்பும் இரண்டு இடங்களும் உங்களை ஆபத்தில் தள்ளக்கூடியவை. பலவீனம் என்று நீங்கள் கைவிட்ட இடத்தில்தான் உங்கள் வழக்கு உறுதியாக நிற்கிறது. எனவே எதையும் செய்வதற்கு முன் இந்த வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும்.

கையில் இருக்கும் 6,400 பீஸ்கள்

இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் ஒவ்வொரு நாளும் உங்களுக்கு எதிராகப் போகிறது. வேலைக்காகக் கொடுத்த பொருளைக் கூலி வரும்வரை வைத்துக்கொள்ளும் உரிமை நம் சட்டத்தில் உண்டு. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 170ஆம் பிரிவு அதைத் தருகிறது. ஆனால் அந்த உரிமை எந்தப் பொருளில் உழைப்பைச் செலுத்தினீர்களோ அந்தப் பொருளுக்கான கூலிக்கு மட்டுமே உரியது. ஜூலை மாதத்துச் சரக்கின் பாக்கிக்காக இப்போது வந்திருக்கும் சரக்கைப் பிடித்து வைக்க அது இடம் தருவதில்லை. பொதுவான பாக்கிக்காகப் பொருளை வைத்துக்கொள்ளும் விரிந்த உரிமையை 171ஆம் பிரிவு வங்கியாளர், வழக்கறிஞர் போன்ற சிலருக்கு மட்டுமே கொடுத்திருக்கிறது. தனியே ஒப்பந்தம் இருந்தாலொழிய மற்றவர்களுக்கு அது கிடையாது.

சரி, தைத்து முடித்த 4,100 பீஸ்களின் கூலிக்காவது அவற்றை வைத்துக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். அந்த 170ஆம் பிரிவுக்குக் கீழே சட்டமே ஒரு தையல்காரரை உதாரணமாக வைத்திருக்கிறது. கோட்டு தைக்கத் துணி வாங்கிய தையல்காரர், தைத்தவுடன் கொடுத்துவிடுவதாகவும் கூலிக்கு மூன்று மாதம் கடன் தருவதாகவும் ஒப்புக்கொண்டால், கூலிக்காக அந்தக் கோட்டை அவர் பிடித்து வைக்க முடியாது என்று அது சொல்கிறது. அறுபது நாள் கடன் என்ற உங்கள் வாய்ப்பேச்சு உங்களை ஏறக்குறைய அந்தத் தையல்காரரின் இடத்தில் நிறுத்துகிறது. ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தமே.

எதிர்த்தரப்பு என்ன செய்யும் என்பதையும் யோசியுங்கள். கப்பல் தேதி தவறிப்போனால் விமானத்தில் அனுப்பிய செலவை உங்கள் தலையில் கட்டுவார்கள். அந்தத் தொகை உங்கள் பாக்கியையே விழுங்கிவிடலாம். ஒப்படைத்த பொருளைத் திருப்பித் தரவில்லை என்று பாரதிய நியாய சன்ஹிதா 316ஆம் பிரிவின்படி நம்பிக்கை மோசடிப் புகாரும் கொடுக்கலாம். அந்தப் புகார் கடைசியில் நிற்குமா என்பது வேறு கேள்வி. பணம் வர வேண்டிய நீங்கள் காவல் நிலையத்தில் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் நிலை வந்துவிடும், அதுதான் எனக்குக் கவலை.

ஆகவே தைத்தவற்றையும் தைக்காத பண்டல்களையும் தனித்தனியே எண்ணி, டெலிவரி சலானில் சைஸ்வாரியாக எழுதி, அவர்கள் ஆள் கையெழுத்தும் கம்பெனி முத்திரையும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுங்கள். அனுப்புவதற்கு முன், இந்தச் சரக்கின் கூலியை டெலிவரியின்போதே தரும்படி ஒரு மின்னஞ்சலில் மரியாதையாகக் கேட்பதில் எந்தத் தவறும் இல்லை. பழைய பாக்கியைக் கொடுத்தால்தான் சரக்கு என்ற நிபந்தனை மட்டும் வேண்டாம். இனி முன்பணம் இல்லாமல் புதிய ஆர்டர் எடுப்பதில்லை என்று தெரிவிப்பதோ முழுக்க உங்கள் உரிமை.

திரும்பிய செக்

செக் திரும்பினால் ஆள் உள்ளே போய்விடுவார் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138ஆம் பிரிவு இரண்டு ஆண்டுவரை சிறையோ, செக் தொகையின் இரு மடங்குவரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது என்பது உண்மை. ஆனால் அந்த வாசலுக்குள் போகக் கறாரான படிகள் இருக்கின்றன. திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாட்களுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும்; அது கிடைத்த 15 நாட்களுக்குள் அவர்கள் பணம் தராவிட்டால், அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் புகார் தாக்கல் செய்ய வேண்டும். உங்களுக்குப் பன்னிரண்டு நாள் போய்விட்டது.

இருந்தாலும் அவசரப்பட்டு ஐந்து லட்சத்துக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டாம் என்றுதான் சொல்வேன். காரணம் அந்த வாட்ஸ்அப் செய்தி. செக் கொடுத்த பிறகு, அது வங்கிக்குப் போவதற்கு முன், அதன் கடனில் ஒரு பகுதி செலுத்தப்பட்டிருந்தால், முழுத் தொகைக்குப் போடப்பட்ட செக் அந்த நாளில் இருந்த கடனைக் காட்டுவதாகாது, எனவே 138ஆம் பிரிவுக் குற்றம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2022இல் தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது. உங்கள் மொத்தப் பாக்கி செக் தொகையைவிட மிக அதிகம், அந்த ஒரு லட்சம் பழைய பில்லுக்கு வந்தது என்று வாதாட முடியாதா என்றால், முடியும். பணம் எந்தக் கடனுக்கு என்று கொடுத்தவர் சொல்லாதபோது பெற்றவரே வரவு வைத்துக்கொள்ள ஒப்பந்தச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் இங்கே கொடுத்தவர் "அந்தச் செக்குல" என்று எழுதியே விட்டார். அந்த இரண்டு சொற்களை வைத்தே எதிர்த்தரப்பு வழக்கறிஞர் உங்களைக் குறுக்கு விசாரணை செய்வார்.

இதற்கு ஒரு மாற்று இருக்கிறது. செக்கின் மூன்று மாதக் காலம் முடியாதவரை அதை மறுபடியும் வங்கியில் போடலாம்; அப்படித் திரும்பினாலும் புதிதாக நோட்டீஸ் அனுப்பி வழக்குத் தொடரலாம் என்பதை உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. எனவே ஒரு லட்சம் வரவாகிவிட்டது என்பதை மாற்றுமுறை ஆவணச் சட்டம் 56ஆம் பிரிவின்படி செக்கிலேயே குறிப்பெழுதி, நான்கு லட்சத்துக்கு மட்டும் போடுவது சட்டம் காட்டும் வழி. வங்கிக் கிளையில் இப்படி ஒரு செக்கைப் பார்த்தால் தயங்கக்கூடும். முன்கூட்டியே மேலாளரிடம் பேசுங்கள். அதைவிட எளிது, பழைய செக்கைத் திருப்பித் தருவதாகச் சொல்லி நான்கு லட்சத்துக்குப் புதிய செக் கேட்டு வாங்குவது. புதியது கைக்கு வரும்வரை பழையதை விட்டுவிடாதீர்கள். நோட்டீஸ் அனுப்பும் நிலை வந்தால், கம்பெனிக்கும் கையெழுத்திட்ட இயக்குநருக்கும் சேர்த்தே அனுப்ப வேண்டும். கம்பெனியை விட்டுவிட்டு இயக்குநர்மேல் மட்டும் போட்ட வழக்கு நிற்காது.

எழுத்து ஒப்பந்தம் இல்லை என்ற கவலை

எக்ரிமெண்ட் இல்லை, அதனால் ஒன்றும் இல்லை என்று உங்களிடம் சொன்னவர்கள் 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தைப் படிக்கவில்லை. அதன் 15ஆம் பிரிவின்படி, எழுத்தில் ஒப்புக்கொண்ட தேதிக்குள் பணம் தர வேண்டும். அந்த எழுத்து ஒப்பந்தமும் 45 நாளைத் தாண்ட முடியாது. எழுத்தில் எதுவும் இல்லை என்றால் கெடு வெறும் 15 நாள். அதாவது வாய்ப்பேச்சில் சொன்ன அறுபது நாளுக்கு இந்தச் சட்டத்தின் முன் மதிப்பே இல்லை. எழுத்தில் எழுதாதது இங்கே உங்களுக்குச் சாதகமாகத் திரும்புகிறது. சரக்கைப் பிடித்து வைக்கும் விஷயத்தில் எதிராக நின்ற அதே வாய்ப்பேச்சு, பாக்கி வசூலில் உங்கள் உரிமையைக் குறைப்பதில்லை.

தாமதத்துக்கு வட்டி உண்டு. அதுவும் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு, மாதந்தோறும் அசலில் சேர்த்துக் கணக்கிடும் கூட்டு வட்டி. உதாரணமாக வங்கி விகிதம் 6 சதவீதம் என்றால் உங்களுக்கு வர வேண்டியது ஆண்டுக்கு 18 சதவீதம். தையல் கூலி சேவைதானே, பொருள் விற்பனை இல்லையே என்று யாராவது குழப்பினால், சட்டம் பொருளையும் சேவையையும் சேர்த்தே சொல்கிறது என்று காட்டுங்கள். இந்தச் சரக்குகளுக்கெல்லாம் முன்பே நீங்கள் உத்யம் பதிவு வைத்திருந்தது பெரிய நல்ல காரியம். வேலை முடிந்த பிறகு பதிவு செய்துவிட்டு இந்தச் சட்டத்தின் பலனைக் கேட்டவர்கள் நீதிமன்றங்களில் திணறியிருக்கிறார்கள்.

டெபிட் நோட்டும் கிரெடிட் நோட்டும்

ஆகஸ்டில் போன சரக்கில் குறை என்பது, அந்தச் சரக்கு கப்பலேறிப் பல மாதம் ஆன பிறகு, நீங்கள் செக்கைப் போட்டதும்தான் அவர்களுக்கு நினைவுக்கு வந்திருக்கிறது. டெலிவரி ஆன 15 நாட்களுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், டெலிவரி நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகவே 2006ஆம் ஆண்டுச் சட்டம் கருதுகிறது. கெடு ஓடத் தொடங்குவதும் அந்த நாளிலிருந்துதான். இதனால் அவர்கள் குறை பற்றி வாயே திறக்க முடியாது என்று பொருளில்லை. எதிர்க் கோரிக்கையாக அதை எழுப்பலாம். ஆனால் நிரூபிக்கும் சுமை அவர்கள் தலையில். அந்த மாதத்துச் செக்கிங் ரிப்போர்ட், அவர்களுடைய குவாலிட்டி ஆள் கையெழுத்திட்ட தாள், "ஓகே, அனுப்பிடுங்க" என்று வந்த செய்திகள் எல்லாவற்றையும் இன்றே ஒரு கோப்பில் சேர்த்துவிடுங்கள். செய்திகள் இருக்கும் அந்த ஃபோனை மாற்றவோ விற்கவோ வேண்டாம்.

டெபிட் நோட்டை ஏற்கவில்லை என்று உடனே மின்னஞ்சலில் பதில் அனுப்புங்கள்; மௌனமாக இருக்காதீர்கள். இன்னொன்று, அவர்களுடைய அக்கவுண்டன்ட் அடுத்து உங்களை அழைத்து, ஜிஎஸ்டி கணக்கு சரிசெய்ய மட்டும் ஒரு கிரெடிட் நோட் போட்டுக் கொடுங்கள் என்று கேட்கக்கூடும். போட்டுவிடாதீர்கள். விநியோகம் செய்தவர் தன் கையால் போடும் கிரெடிட் நோட், அந்தத் தொகையைக் குறைத்துக்கொள்ளச் சம்மதித்ததற்கான சான்றாக உங்களுக்கு எதிராகவே வந்து நிற்கும்.

பதிவு செய்யாத கூட்டு நிறுவனம்

உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் கடந்துபோன இந்த விஷயத்தில்தான் உண்மையான ஓட்டை இருக்கிறது. 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம் 69ஆம் பிரிவின்படி, பதிவு செய்யாத நிறுவனம் ஒப்பந்தத்திலிருந்து எழும் உரிமைக்காக வெளியார்மேல் சிவில் வழக்குப் போட முடியாது. வழக்குப் போட்ட பிறகு பதிவு செய்தாலும் அந்த வழக்கு பிழைக்காது. ஆனால் வழக்குத் தாக்கலாகும் நாளில் பதிவு இருந்து, பதிவேட்டில் பார்ட்னர்கள் பெயரும் இருந்தால் போதும். பாக்கி அதற்கு முந்தைய காலத்தது என்பது தடையில்லை. எனவே வேறு எதைத் தாக்கல் செய்வதற்கும் முன்னால் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் நிறுவனத்தைப் பதிவு செய்துவிடுங்கள்.

அந்த விண்ணப்பத்தில் எல்லாப் பார்ட்னர்களும் கையெழுத்திட வேண்டும், ஆகவே கொழுந்தனாரின் ஒத்துழைப்பு இல்லாமல் நகர முடியாது. அவர் பகை வேண்டாம் என்று நினைப்பதில் நியாயம் இருக்கிறது. பனியன் தொழிலில் நாளைக்கும் இதே முகங்களைத்தான் பார்க்க வேண்டும். கோபிக்காமல் அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். சட்டம் என்ன சொல்கிறது என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: நிறுவனத்துக்கு வர வேண்டிய பாக்கியைக் குறைத்துக்கொண்டு சமரசம் செய்யவோ விட்டுக்கொடுக்கவோ ஒரு பார்ட்னருக்குத் தானாக அதிகாரம் கிடையாது என்று 19ஆம் பிரிவு கூறுகிறது, தொழில் வழக்கம் வேறாக இருந்தாலொழிய. எட்டு லட்சத்துக்கு அவர் தனியாகத் தலையசைப்பது உங்களைக் கட்டுப்படுத்தாது. அதே நேரத்தில், டெபிட் நோட் சரிதான் என்று அவர் எழுதிக் கொடுத்தால் அது நிறுவனத்துக்கு எதிரான சான்றாகப் பயன்படலாம். எனவே இருவர் கையெழுத்தும் இல்லாமல் எந்தச் சமரசமும் செல்லாது என்று அந்தக் கம்பெனிக்கு இருவருமே சேர்ந்து ஒரு கடிதம் அனுப்பிவிடுங்கள்.

எந்த வழியில் போவது

பதிவு முடிந்ததும் உங்களுக்கு இரண்டு வாசல்கள் இருக்கின்றன. முதலாவது, குறு, சிறு தொழில்களுக்கான வசதியாக்க மன்றம். தொழில் வட்டாரத்தில் கவுன்சில் என்பார்கள். மத்திய அரசின் இணையதளம் வழியாக மனுப் போடலாம். உத்யம் எண், பில்கள், டெலிவரி சலான்கள் வேண்டும். முதலில் சமரசப் பேச்சு, அது தோற்றால் நடுவர் தீர்ப்பு. 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் அதைவிட நீளும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாசலின் பெரிய பலம் கடைசியில் இருக்கிறது: தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போக நினைக்கும் வாங்கியவர், தொகையில் 75 சதவீதத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். காலம் கடத்துவதற்காகவே மேல்முறையீடு செய்பவர்களை இந்த விதி நிறுத்தி யோசிக்க வைக்கிறது.

இரண்டாவது, வணிக நீதிமன்றம். மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட வணிகத் தகராறுகள் அங்கேதான் போக வேண்டும். அவசர இடைக்கால உத்தரவு தேவைப்படாத வழக்கில், தாக்கலுக்கு முன் சட்டப் பணிகள் ஆணையம் வழியாக மத்தியஸ்தம் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் உறுதிசெய்திருக்கிறது. உங்கள் நிலையில், வட்டியையும் அந்த 75 சதவீத விதியையும் பார்த்தால், நான் கவுன்சிலைத்தான் தேர்ந்தெடுப்பேன். எதுவானாலும் மூன்று ஆண்டுக் காலவரம்பை மறக்க வேண்டாம். இடையில் பாக்கித் தொகையை ஒப்புக்கொண்டு அவர்கள் கையெழுத்திட்ட ஒரு கணக்குத் தாள் கிடைத்தால், அந்த நாளிலிருந்து காலவரம்பு புதிதாகத் தொடங்கும்.

கடனைக் கட்டாத கம்பெனிகள்மேல் திவால் நடவடிக்கை எடுக்கும் தீர்ப்பாயமான என்சிஎல்டியில் போட்டால் கம்பெனியே முடங்கிவிடும் என்று யாரோ சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். 2020 மார்ச் முதல் அதற்குக் குறைந்தபட்சப் பாக்கி ஒரு கோடி ரூபாய். உங்களுக்கு அந்தக் கதவு இல்லை. கமிஷன் வைத்து வசூல் செய்து தருவதாக ஒருவர் வந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள்; அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அவர் மிரட்டி வாங்கினால் அது பணம் பறிக்கும் குற்றம். நீங்களும் சேர்ந்தே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இதையெல்லாம் தொடங்குவதற்கு முன் ஒரு கடிதம் எழுதிப் பார்க்கலாம். குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடுவுக்குள் தராத தொகையை, உண்மையில் பணம் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் கழிக்க முடியும் என்று 2023ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் வருமான வரியில் ஒரு விதியைச் சேர்த்தது. மார்ச் 31க்குள் உங்கள் 14,20,000 போய்ச் சேராவிட்டால் அவர்களுக்கு அந்த ஆண்டில் அந்தச் செலவுக் கழிவு கிடைக்காது. பில்வாரியாகப் பாக்கி, ஒவ்வொன்றும் கெடு தாண்டிய நாள், சட்டப்படியான வட்டி, உங்கள் உத்யம் எண் ஆகியவற்றோடு ஒரே பக்கத்தில் இதைக் குறிப்பிட்டு, இயக்குநருக்கும் அவர்களுடைய அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கும் சேர்த்து அனுப்புங்கள். மிரட்டும் சொல் ஒன்றும் வேண்டாம். இப்படி ஒரு கடிதம் ஆடிட்டர் மேசைக்குப் போன பிறகு பேச்சு மாறியதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்போது அவர்கள் சமரசத்துக்கு வந்தால், வட்டியில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து அசலை முழுதாக வாங்குவது பற்றி நீங்களும் கொழுந்தனாரும் சேர்ந்து யோசிக்கலாம். எட்டு லட்சம் என்ற எண்ணிலிருந்து பேச்சைத் தொடங்க எந்தக் காரணமும் இல்லை.

வழக்கறிஞர் கட்டணத்துக்குத் தயங்குவதாகக் கடைசியில் எழுதியிருந்தீர்கள். சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி பெறும் உரிமை இருக்கிறது. நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு இந்த வாரமே போங்கள். செக், வங்கி கொடுத்த ரிட்டர்ன் மெமோ, பார்ட்னர்ஷிப் பத்திரம், பில் கோப்பு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். செக்குக்கான 30 நாள் கணக்கில் உங்களுக்கு இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கிறது. நான்கு லட்சத்துக்கு மறுபடி போடுவதா, புதிய செக் வாங்குவதா என்பதை அதற்குள் ஒரு வழக்கறிஞரோடு உட்கார்ந்து முடிவு செய்துவிடுங்கள்.